சொந்தக் கட்சி வாசலில் ஒரு மறியல்

பிப்ரவரி மாதம் ஒரு காலை, தலெந்தா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ஜீலானி பெண் கேட்டு வந்தார். ஒருத்தி, இரண்டு பேர் அல்ல, ஆறு பேர் வேண்டும் என்றார்.

தலெந்தா தபூனா அடுப்புக்குள் தோள் வரை கையை விட்டு, சூடான மண்சுவரில் ஒட்டியிருந்த ரொட்டியை உரித்தெடுத்துக் கூடையில் போட்டாள். நெடுஞ்சாலையில் கைரவான் பக்கம் போகும் லாரிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைத்து நின்றன. பன்னிரண்டு வருடமாக அந்தச் சாலையோரம்தான் அவள் பிழைப்பு. புருஷன் ஹம்மாதி சூஸ் நகரத்தில் கட்டட வேலை பார்த்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து போவான்.

"ஆறு பேர் எதுக்கு அண்ணே? வீட்டுல ஒருத்தியோடயே தினம் சண்டைன்னு கேள்விப்பட்டேன்," என்றாள்.

"கிண்டல் பண்ணாத தங்கச்சி. மே மாசம் நகராட்சித் தேர்தல். பட்டியல்ல பன்னெண்டு பேர் இருக்கணும். ஒரு ஆம்பளைன்னா அடுத்தது ஒரு பொம்பளை, அப்படி மாத்தி மாத்தி வரணும்னு சட்டம். எங்க கட்சில ஆம்பளைங்க இருக்கோம், ஆறு பேர்."

"பொம்பளைங்க?"

ஜீலானி சாலையைப் பார்த்தார். "என் பொண்டாட்டியே கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா."

வேளாண்மைத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் ஜீலானி. அந்த ஊரான ஐன் சல்லூமில் கதிர்க் கட்சியின் கிளைச் செயலாளர். கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலத்திலேயே ரகசியமாக அதில் சேர்ந்து, அதற்காக மூன்று முறை ஊர் மாற்றல் வாங்கியவர். நல்ல மனிதர் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அவர் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்பதிலும் இரண்டு கருத்து கிடையாது. மைக்கைப் பிடித்தாரென்றால் உலகப் பொருளாதாரத்தில் தொடங்கி, ஒரு மணி நேரம் கழித்து, அதே உலகப் பொருளாதாரத்தில் நிற்பார். போன தேர்தலில் கட்சிக்கு ஊரில் நாற்பத்து மூன்று வாக்கு விழுந்தது.

அவர் தலெந்தாவைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின கோடையில் ஊரில் மூன்று வாரம் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தலெந்தாவும் அவள் தோழி சலூவாவும் ஆளுக்கொரு மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு போய் நெடுஞ்சாலை நடுவில் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் நாற்பது பெண்கள் சேர்ந்தார்கள், மறுநாள் இருநூறு பேர். ஒன்பது நாள் சாலை நகரவில்லை. பத்தாம் நாள் நீர் வாரியம் புதுக் குழாய் போட வந்தது. இரண்டாம் நாளே எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி ஒன்றும் விளங்காமல் போனபோது, சலூவா ஒரு கேனின் மூடியைத் திருகி எடுத்து, "இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசுங்க, மத்தவங்க வாய மூடுங்க" என்றாள். அன்றிலிருந்து மூடி கைமாறிக் கைமாறித்தான் எல்லாம் முடிவானது. சாலை திறந்த பிறகும் சனிக்கிழமை தோறும் பெண்கள் தலெந்தா வீட்டு முற்றத்தில் வட்டமாக உட்காருவது நிற்கவில்லை. ஊர் அவர்களைக் கேன்காரிகள் என்று கூப்பிட்டது. அவர்களும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

"சனிக்கிழமை வாங்க அண்ணே. நான் மட்டும் முடிவு சொல்ல முடியாது," என்றாள் தலெந்தா. "ரொட்டி எடுத்துட்டுப் போங்க, சூடா இருக்கு."

*

சனிக்கிழமை ஜீலானி இஸ்திரி போட்ட சட்டையும் கக்கத்தில் ஒரு கோப்புமாக வந்தார். முற்றத்தில் முப்பது பெண்கள். நாற்காலி தேடினார், இல்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார அவர் முழங்கால் கொஞ்ச நேரம் யோசித்தது.

மூடி அவர் கைக்கு வந்தது. "அன்புத் தோழர்களே, இன்றைய உலகப் பொருளாதாரச் சூழலில்..." என்று ஆரம்பித்தார்.

முதல் கிளாஸ் தேநீர் ஊற்றி முடியும் வரைதான் ஒருவர் பேசலாம் என்பது வட்டத்தின் வழக்கம். அது அவருக்குத் தெரியாது. ஆறாவது கிளாஸ் ஊற்றியதும் சலூவா எட்டி அவர் கையிலிருந்து மூடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஜீலானி அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கூட்டத்துல ஆள் ஜாஸ்தியா, நாற்காலி ஜாஸ்தியா?"

பெண்கள் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜீலானியும் சிரித்துவிட்டார். "நாற்காலிதான்," என்றார். "அதுவும் வாடகை நாற்காலி."

அந்த ஒரு பதிலில் வட்டம் அவரைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் விவாதம் சுலபமாக முடியவில்லை. எந்தக் கட்சியும் வேண்டாம், நாமே தனியாக நிற்கலாம் என்றார்கள் பாதிப் பேர். சலூவா அந்தப் பாதியில் இருந்தாள். "நம்ம பேரை வெச்சு ஜெயிச்சிட்டு, நம்மள டீ போட அனுப்புவாங்க," என்றாள்.

மூடி தலெந்தாவிடம் வந்தது. கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சாலையில் லாரிக்காரனை மிரட்டுவது வேறு.

"பத்தாம் நாள் நான் நீர் வாரியத்து ஆபீசுக்குப் போனேன்ல," என்றாள். "புதுக் குழாய் எங்க வரைக்கும்னு கேக்க. அந்த ஆபீசர் என்னைப் பாத்து, நீங்க யாரு, எந்த அமைப்பு, கடிதத் தாள் இருக்கா, சீல் இருக்கான்னு கேட்டாரு. ரோட்டுல உக்காந்தவங்கன்னேன். ரோட்டுல உக்காந்தவங்களோட பேச விதியில்லைன்னு சொல்லிட்டாரு. இவங்ககிட்ட சீல் இருக்கு. நம்மகிட்ட தெரு இருக்கு. இவரு சீலைக் கொண்டு வரட்டும், நாம தெருவைக் கொண்டு வர்றோம். ஆனா தெரு எப்படி நடக்குமோ அப்படித்தான் எல்லாம் நடக்கணும்."

அப்படி நடப்பது என்றால் என்ன என்பதை அன்று அஸ்தமனத்துக்குள் முடிவு செய்தார்கள். மேடை கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. ஒவ்வொரு சந்துக்கும் அந்தச் சந்துக்காரி ஒருத்தியே பொறுப்பு. வீட்டுக்குள் போனால் முதலில் அவர்கள் பேசுவார்கள், நாம் எழுதிக்கொள்வோம். பட்டியலின் முதல் பெயர் சாலையில் உட்கார்ந்தவளாக இருக்க வேண்டும். யார் என்று கேட்டபோது முப்பது பேரும் தலெந்தாவைப் பார்த்தார்கள். அவள் தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஹம்மாதிக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "போஸ்டர்ல உன் மூஞ்சியப் போடுவாங்களா?" என்று கேட்டான்.

"போட்டா என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்ல போட்டோவா குடு. கல்யாணப் படத்துல நீ முறைச்சுக்கிட்டு நிக்கிறே."

*

பட்டியலைத் தாக்கல் செய்ய இன்னும் மூன்று நாள் இருந்தபோது, தலைநகர் துனிஸிலிருந்து விதாத் வந்தாள். கட்சித் தலைமையகத்தில் தேர்தல் வேலைக்கு அமர்த்தியிருந்த பெண்; முப்பது வயது இருக்கும்; நடக்கும்போதே தொலைபேசியில் பேசி, பேசும்போதே தட்டச்சு செய்கிறவள். ஒரு காரின் பின்சீட் நிறைய வண்ணப் போஸ்டர்கள் கொண்டுவந்திருந்தாள். அதில் கண்ணாடி போட்ட ஒரு வழக்கறிஞர் தூரத்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா ஐன் சல்லூமில் பிறந்தவராம்.

"இவர்தான் முதல் பேர்," என்றாள் கட்சி அலுவலகத்தில். அலுவலகம் என்பது கட்சிக்காரர் லஸ்அத்தின் மெக்கானிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு அறை. "தலெந்தா அக்கா நாலாவது. நல்ல இடம்தான். டிவில பேசத் தெரிஞ்சவர் மேல இருந்தா எல்லாருக்கும் லாபம்."

"இவரு எந்தச் சந்து?" என்று கேட்டாள் தலெந்தா.

"புரியல அக்கா."

"எந்தச் சந்துல இருக்காருன்னு கேட்டேன்."

"துனிஸ்ல இருக்காரு. பிரச்சாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரு."

தலெந்தாவுக்கு முகம் சூடானது. முதல் இடம் போனதற்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் அதற்காகவும்தான் என்று தோன்றியது. அது அவளுக்கே புதிதாக இருந்தது; மூன்று வாரத்துக்கு முன்னால் சமையலறைக்குள் போய் ஒளிந்தவள் அவள். ஜீலானியைப் பார்த்தாள். அவர் நாற்பது வருடமாகத் தலைமையகத்தின் சுற்றறிக்கைகளை மதித்துப் பழகியவர். மேசை மேலிருந்த சீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வெளியே வந்து சலூவாவைத் தேடிப் போனாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல," என்றாள் சலூவா.

"சொன்னே. இப்ப என்ன பண்ணலாம், அதைச் சொல்லு."

"நமக்கு ஒரு வேலைதானடி தெரியும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு மஞ்சள் கேன்களோடு அறுபது பெண்கள் கதிர்க் கட்சி அலுவலகத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நடைபாதை போதவில்லை, தெருவிலும் பரவினார்கள். எதிர் காபிக் கடையிலிருந்த ஆண்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"யாருக்கு எதிரா?" என்று ஒருவர் கத்திக் கேட்டார்.

"எங்க கட்சிக்கு எதிராத்தான்."

"உங்க கட்சிக்கா? அப்ப ஓட்டு யாருக்கு?"

"எங்க கட்சிக்கு."

காபிக் கடையில் இதைப் புரிந்துகொள்ள இன்னொரு சுற்றுக் காபி தேவைப்பட்டது.

சாலையில் போட்ட அதே கோஷம்தான். 'நீர் வாரியம்' என்று வந்த இடத்தில் 'தலைமையகம்' என்று மாற்றிக்கொண்டார்கள். தாளம் சரியாக உட்கார்ந்தது. கேன்களைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டியபோது முடிவெட்டும் கடைக்காரர் பாதிச் சவரத்தோடு வாடிக்கையாளரை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

உள்ளே விதாத் தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல சார், எதிர்க்கட்சி இல்ல. நம்ம வேட்பாளர்ங்க. ஆமா சார், நம்ம வேட்பாளர்ங்கதான் நமக்கு எதிரா உக்காந்திருக்காங்க. போலீஸா? போலீஸைக் கூப்பிட்டா நம்ம பட்டியலையே கைது பண்ணணும் சார்."

மதியம் ஜீலானி வெளியே வந்தார். படியில் கொஞ்ச நேரம் நின்றார். தெருவில் தனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து, சலூவாவுக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

"கிளைச் செயலாளரே உக்காந்துட்டாருப்பா," என்று காபிக் கடையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, உங்களை நீக்கிடுவாங்க," என்றாள் தலெந்தா மெதுவாக.

"தடை இருந்த காலத்துல நான் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் எல்லாம் செஞ்சேன். ஒரு தடவையாவது தெருவுல உக்காரணும்னு ஆசை. எதிரா உக்காரறதுக்கு என் கட்சிதான் கிடைக்கும்னு நினைக்கல, அவ்வளவுதான்."

அன்று வெயில் சாயும் வரை இருந்தார்கள். மறுநாளும் வந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் விதாத் வாசலில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. ஆறு பெண்களின் கையெழுத்து இல்லாவிட்டால் பட்டியலே செல்லாது என்பதை அவளும் தலைமையகத்துக்குச் சொல்லிப் பார்த்திருந்தாள். நாளை மாலை ஆறு மணி கடைசி நேரம்.

"அக்கா, நான் என்னதான் சொல்லணும் அவங்களுக்கு?"

தலெந்தா கேனின் மூடியை அவளிடம் நீட்டினாள். "முதல்ல எங்ககிட்ட சொல்லு. நீ என்ன நினைக்கிறே?"

விதாத் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்தாள். "ஏழு வருஷத்துக்கு முன்னாடி துனிஸ் தெருவுல நானும்தான் நின்னேன். அப்புறம் வேலை கிடைச்சுது. வேலை கிடைச்ச பின்னாடி யாரும் என்கிட்ட இந்தக் கேள்வியைக் கேக்கல." மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்த வக்கீலுக்கு இந்த ஊர்ல எந்தப் பக்கம் கடைத்தெருன்னு கூடத் தெரியாது."

தொலைபேசியை எடுத்தாள். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. முடித்துவிட்டு, "முதல் பேர் தலெந்தா," என்றாள். "பட்டியல் தோத்தா என் வேலை போயிடும். அதையும் சொல்லச் சொன்னாங்க."

சலூவா குலவையிட்டாள். தெரு முழுக்க அது பரவியது. போஸ்டர்களை என்ன செய்வது என்று விதாத் கேட்டபோது, பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றாள் ஒருத்தி. ஒவ்வொரு சந்திலும் எழுதிக்கொண்டு வருவதற்கு அந்தத் தாள்கள் கடைசி வரை போதுமானதாக இருந்தன.

*

எந்தச் செலவும் இல்லாமல் அந்த இரண்டு நாளிலேயே பிரச்சாரம் பாதி முடிந்துவிட்டது என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சந்துக்குள் போனால், "ஓ, சொந்த ஆபீசையே மறிச்சவங்களா, வாங்க வாங்க" என்று கதவு திறந்தது. மாவு மில் வைத்திருந்த ஹாஜி கமேஸின் பட்டியல் பெரிய கூடாரம் போட்டு, ஆட்டிறைச்சியோடு கூஸ்கூஸ் பரிமாறியது. பெண்கள் அங்கே போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடமே குறை கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஹாஜிக்குக் கோபம் வந்தது. ஆனால் விருந்தாளியை எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை.

ஜீலானிதான் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தினார். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவரைச் சலூவா தன்னோடு கூட்டிப் போனாள். முதல் நாள் தவித்தார். இரண்டாம் நாள் நகத்தைக் கடித்தார். மூன்றாம் நாள், பட்டியலில் நாலாவதாக இருந்த கொத்தனார் வீட்டில் கழிவுநீர்க் கால்வாய் எந்த வருடம் எந்த வழியாக வெட்டப்பட்டது என்ற பேச்சு வர, பழைய எழுத்தர் அல்லவா, கோப்பு எண்ணோடு சொன்னார். அதற்குப் பிறகு சந்துகளில் அவரைத் தேடிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தலெந்தா எல்லா வீட்டுக்கும் போனாள். ஒரு வீட்டைத் தவிர. வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அதையும் தள்ளிப்போட முடியவில்லை.

அது புஜ்மாவின் வீடு. ஊருக்கு வெளியே பீச் பழத்தோட்டம் வைத்திருந்தவர். அவர் மனைவி கதவைத் திறந்து, வந்திருப்பது யாரென்று பார்த்ததும் உள்ளே திரும்பி, "ரோட்டுக்காரி வந்திருக்கா," என்றாள்.

புஜ்மா வெளியே வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

தலெந்தாவுக்கு ஞாபகம் இருந்தது. முகத்தை விட அந்த லாரி நன்றாக ஞாபகம் இருந்தது. நீல நிற வண்டி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. மறியலின் நான்காம் நாள் அதிலிருந்து ஒருவர் இறங்கி அவளிடம்தான் வந்தார். ஆம்புலன்ஸ் தவிர எதையும் விட மாட்டோம் என்று சொன்னது அவள்தான். அப்போது அவள் குரல் பெரிதாக இருந்தது, பின்னால் இருநூறு பேர் இருந்தார்கள்.

"ஞாபகம் இருக்கு," என்றாள்.

"அஞ்சு நாள் அந்த வெயில்ல நின்னுது என் வண்டி. திருப்பிக்கிட்டுப் போகவும் பின்னாடி வழி இல்ல. தார்ப்பாய்க்கு அடியில இருந்து சாறு ரோட்டுல ஒழுகிச்சு. குளவி வந்து மொய்ச்சுது. வருஷம் முழுக்கப் பாத்த வேலை அது. என் வீட்டுலயும்தான் தண்ணி வரல. நானும் உங்க பக்கம்தான். அதைச் சொல்லத்தான் இறங்கி வந்தேன். நீ கேக்கல."

தலெந்தாவுக்குச் சொல்ல எத்தனையோ பதில்கள் இருந்தன. மூன்று வாரம் தண்ணீர் இல்லாமல் இருந்ததைச் சொல்லலாம். மறியல் இல்லாவிட்டால் குழாய் வந்திருக்காது என்று சொல்லலாம். அதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் எல்லாருக்கும் பேச்சைக் கொடுக்கும் மூடி ஒன்று தங்களிடம் இருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டதும், அது இந்த மனிதருக்கு எட்டவில்லை என்பதும் அவளுக்கு உறைத்தது.

"நீங்க சொல்றது சரி," என்றாள். "உங்களை உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும். நான் செய்யல. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

புஜ்மா சண்டைக்குத் தயாராக நின்றிருந்தவர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்து மனைவி ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டாள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டபடி தலெந்தா உட்கார்ந்து, வக்கீல் போஸ்டரின் பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"காலையில ஒரு மணி நேரம் வழி விட்டிருக்கலாம். பழ வண்டி, பால் வண்டி, ஆட்டு வண்டிக்கு மட்டும். அரசாங்கத்து வண்டிய நாள் முழுக்க நிறுத்துங்க, யார் வேணாங்கறா? அழுகிப் போற சரக்கை நிறுத்தினா அழுகறது எங்களோடதுதானே."

அவள் எழுதிக்கொண்டாள். அவர் மேலும் சொன்னார். தோட்டத்துக் கிணற்றைப் பற்றி, விலையைப் பற்றி, மூத்த மகன் இத்தாலிக்குப் போக நினைப்பதைப் பற்றி. தாளின் ஓரம் வரை எழுதினாள். கிளம்பும்போது, "ஓட்டுப் போடுவேன்னு நினைச்சுக்காத," என்றார் புஜ்மா.

"கேக்க வரல அண்ணே," என்றாள். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் படியிறங்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வட்டத்தில், புஜ்மா சொன்ன ஒரு மணி நேரத்தை விதியாக்கலாம் என்று சொன்னபோது சலூவா கொதித்துவிட்டாள். "போராட்டத்துக்கு ஆபீஸ் நேரம் வைக்கச் சொல்றியா? ஒரு மணி நேரம் திறந்தா அப்புறம் எதுக்கு மறியல்?"

"நீ போய் அவரு முன்னாடி நின்னு இதைச் சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்."

சலூவா நிஜமாகவே போனாள். மறுநாள் மாலை மறுபடி கூடிய வட்டத்துக்குத்தான் திரும்பி வந்தாள். "அந்தாளு பொண்டாட்டி நல்லா முட்டை ஷக்ஷூக்கா பண்றா," என்று மட்டும் சொல்லி, விதிக்கு ஆதரவாகக் கை தூக்கினாள். இனி எப்போது சாலையில் உட்கார்ந்தாலும் காலை ஏழிலிருந்து எட்டு வரை அழுகும் சரக்குக்கு வழி என்று முடிவானது. அதை அச்சடித்து ஒட்டவில்லை. ஆனால் லாரிக்காரர்கள் தலெந்தாவிடம் ரொட்டி வாங்கும்போது, "ஏழுலேர்ந்து எட்டாமே?" என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினார்கள். விதாத் அதைத் தன் தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். கட்சி அறிக்கை எதிலும் இப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை என்றாள்.

*

வாக்கெடுப்பு நாள் நீண்ட வரிசைகளோடு அமைதியாகப் போயிற்று. புஜ்மா மனைவியோடு வரிசையில் நின்றதை தலெந்தா பார்த்தாள். அவர் தலையை லேசாக அசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கடைசி வரை யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடக் கதவில் முடிவை ஒட்டினார்கள். தலெந்தாவுக்கு அடுப்பு சூடேறிவிட்டது. விட்டுவிட்டுப் போக முடியவில்லை. சலூவா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். ஹாஜி கமேஸின் பட்டியலுக்கு ஐந்து இடம். அவர்களுக்கு நாலு. சுயேச்சைகளுக்கு மூன்று.

"நாலுன்னா?" என்றாள் தலெந்தா மாவுக் கையோடு.

"நீ, மெக்கானிக் லஸ்அத், நான், கொத்தனார். நாலு பேர். நானும்டி. நான் வேண்டாம்னு சொன்னவ."

சொல்லிவிட்டு சலூவா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தலெந்தாவுக்கு அழுகை வரவில்லை. அவள் அடுப்பில் ரொட்டி கருகத் தொடங்கியதைக் கூடக் கவனிக்கவில்லை. நின்றிருந்த லாரிக்காரர்தான் சொன்னார்.

ஜீலானி வந்தார். பட்டியலில் தன்னை ஆறாவதாகப் போட்டுக்கொண்டவர் அவர். அதனால் அவருக்கு இடம் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆயிரத்து நூத்தி ஆறு ஓட்டு," என்றார். "நாப்பத்து மூணுலேர்ந்து. நான் எத்தனையோ தடவை தோத்திருக்கேன் தங்கச்சி. இந்தத் தோல்வி கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

"உங்களை யார் அண்ணே விடப் போறாங்க? கால்வா கோப்பு எல்லாம் உங்க தலைக்குள்ளதானே இருக்கு. சபைக் கூட்டத்துக்கு நீங்க வந்து பின்னாடி உக்காருங்க."

"பேசலாமா?"

"ஒரு கிளாஸ் டீ வரைக்கும்," என்றாள் சலூவா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விதாத் துனிஸுக்குக் கிளம்புவதற்காகக் காரை ஓரம் கட்டினாள். அவள் வேலை போகவில்லை. தலைமையகத்தில் எல்லாக் கிளைகளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கப் போகிறார்கள், ஐன் சல்லூமில் என்ன செய்தீர்கள் என்று தலெந்தா வந்து விளக்க வேண்டும், ஹோட்டல் அறை கூடப் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

"நான் அங்க வந்து மேடையில நின்னு என்னத்தச் சொல்றது? அவங்களை இங்க வரச் சொல்லு. ரெண்டு நாள் ஏதாவது ஒரு சந்துல நடக்கட்டும். தங்க வீடு நாங்க பாத்துத் தர்றோம்."

விதாத் சிரித்தாள். "சொல்றேன். வருவாங்களான்னு தெரியல. நான் வருவேன்." நான்கு சூடான ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

எல்லோரும் போன பிறகு, மேட்டுச் சந்திலிருந்து பேயா என்ற பெண் வந்தாள். வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து தலெந்தா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க சந்துத் தெருவிளக்கு எரியல," என்றாள் பேயா.

"நான் இன்னும் பதவியே ஏத்துக்கலயே பேயா."

"அதான் இப்பவே சொல்றேன். பதவி ஏத்துக்கிட்டா நீ பிசி ஆயிடுவே."

தலெந்தா சுற்றும் முற்றும் பார்த்து, ரொட்டி சுற்றும் தாளில் ஒன்றை எடுத்தாள். "மேட்டுச் சந்து எந்தக் கம்பம்?" என்று கேட்டாள். "முதல் கம்பமா, தையல்காரர் வீட்டுக்கிட்ட இருக்கறதா?"

"ரெண்டும்," என்றாள் பேயா. "எழுது."